மழைக்காலத்தில் தோட்டத்தில் தென்படும் கறுப்பு ஓடில்லா நத்தை எந்த இனம், எந்த ஊர்க்காரர்?

பெரும்பாலும் அது லேவிகௌலிஸ் ஆல்டே. பூர்வீகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா. தொட்டிச் செடி, மண்ணோடு பயணித்து இந்தியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரை பரவிவிட்டது.

தட்டையான கருமேனி, முதுகின் நடுவே வெளிர் கோடு. என் கணக்கில் உறுதியான அடையாளம் அடிப்பக்கம்தான். குச்சியால் மெல்லப் புரட்டினால், ஊர்ந்து செல்லும் பாதம் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள பட்டையாகத் தெரியும். வறட்சியைத் தாங்கத்தான் இந்த அமைப்பு: பாதம் குறுகினால் ஈரம் வெளியேறும் பரப்பும் குறையும். விரித்துப் போட்ட ஈரத்துணி சீக்கிரம் காயும், மடித்து வைத்தது காயாது, அதே கணக்கு. அப்புறம், வெறுங்கையால் தொடாதீர்கள், மனிதருக்கும் நோய் தரும் எலி நுரையீரல் புழு என்ற ஒட்டுண்ணியை இது சுமக்கக்கூடும்.

பலர் இதை அட்டை என்று பயப்படுகிறார்கள். இது இரத்தம் குடிக்காது, செடிகளைத்தான் தின்னும்.