கேட்டதும் சொன்னதும்: எட்டு பேர் என்ன செய்வார்கள்?

? நாலு தொகுதியில் ஜெயிக்கிற கட்சி சட்டசபைக்குப் போய் என்ன கிழித்துவிடப் போகிறது? அதற்குப் போடும் ஓட்டு வீண்தானே?
- வாசகர், தக்கலை

தக்கலையில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! 1956 வரை உங்கள் ஊர் எம்.எல்.ஏ. போய் உட்கார்ந்தது திருவனந்தபுரத்தில். திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபையில் 1952-ல் 108 இடம்; அதில், தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கச் சொன்ன திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கட்சிக்கு 8. காங்கிரஸ் முதல்வர் ஏ.ஜே. ஜானின் மந்திரிசபைக்குத் தனிப் பெரும்பான்மை கிடையாது. எட்டு பேர் தாங்கியதால் நின்றது. 1953-ல் அவர்கள் கையை எடுத்தார்கள், விழுந்தது.

1954-ல் மறுபடி தேர்தல். 117-ல் நம்மவர்கள் 12. எங்கள் பாட்டா கிள்ளியூர்ப் பக்கத்துப் பனையேறி, எழுத்து தெரியாது. அப்போது சீட்டில் முத்திரை குத்தும் வேலை இல்லை. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டியில் அவர் சின்னம், பார்த்துச் சீட்டைப் போட வேண்டியதுதான். "அக்கானிக் (பதநீர்) கலயத்து வாய்கூட இதைவிடப் பெருசுடே" என்பார், அந்தப் பெட்டித் துவாரத்தை விரலால் அளந்து காட்டி.

அந்தத் தேர்தலில் முதல்வரானவர் பட்டம் தாணுபிள்ளை. அவருடைய பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்குக் கிடைத்ததே 19 இடம்தான். காங்கிரஸ் (நம்மவர்கள் இல்லை, ஜானின் காங்கிரஸ்) வெளியே நின்று ஆதரித்தது. அந்த ஆட்சியில்தான் 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும், சென்னையோடு சேர்க்கக் கேட்டுப் போராடியவர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு. சொந்தக் கட்சியின் பொதுச் செயலாளர் லோகியாவே ராஜினாமா செய்யச் சொன்னார். தாணுபிள்ளை அசையவில்லை. மறு வருஷம் காங்கிரஸ் கைவிட, ஆட்சி போயிற்று.

ஆனால் 1953-ல் மந்திரிசபையைக் கவிழ்த்த நம்மவர்களால் ஒரு எல்லைக்கல்லை நகர்த்த முடியவில்லை. அது டெல்லி வேலை. அரசமைப்புச் சட்டம் 3-ஆம் பிரிவின்படி மாநில எல்லையை மாற்றுவது நாடாளுமன்றம். சட்டசபையிடம் கருத்து கேட்பார்கள், அவ்வளவே. மாநில மறுசீரமைப்புக் குழு பரிந்துரைத்து, சட்டம் நிறைவேறி, 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் நான்கும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நாம் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. இந்த எட்டும் பன்னிரண்டும் இல்லாமலிருந்தால், இங்குள்ள ஜனம் என்ன கேட்கிறது என்று குழுவிடம் எதைக் காட்டியிருப்போம்? ஊர்வலப் போட்டோவையா?

? தமிழ்நாட்டில் மேலவை திரும்ப வருமா?
- வாசகி, குளச்சல்

ஜோசியம் எனக்கு வராது. மேலவை ஒழிந்த நாள் 1986 நவம்பர் 1. நாம் சென்னையோடு சேர்ந்து சரியாக முப்பது வருஷம் ஆன நாள்! மேலவை வேண்டுமென்றாலும் வேண்டாமென்றாலும் சட்டசபை தீர்மானம் போட வேண்டும், நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும். 2010-ல் இரண்டும் நடந்தது. 2011-ல் ஆட்சி மாறியது. புது சட்டசபை வேண்டாமென்று தீர்மானம் போட்டுவிட்டது.