ஹெலிகாப்டரில் ஏறுமுன் எடை பார்ப்பதும், எங்கே உட்கார வேண்டும் என்று ஊழியர்களே சொல்வதும் ஏன்?

எடைச் சமநிலைக்காகத்தான். எடைச் சமநிலை என்றால் ஆட்கள், பைகள், எரிபொருள் எல்லாம் சேர்ந்த எடையின் மையம், மேலே சுழலும் இறக்கைக்கு ஏறக்குறைய நேர்கீழே வரும்படி ஏற்றுவது.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் காண்டாக் கம்பு தெரியும், தோளில் வைத்து இரண்டு முனையிலும் வாளி தொங்கவிடும் கம்பு. என் பாட்டி அதில் இரண்டு வாளி ரப்பர் பால் தூக்குவார். ஒரு வாளியில் பால் கூடிவிட்டால், அந்த வாளி தோளுக்குக் கிட்டே வரும்படி கம்பை நாலு விரல்கடை தள்ளிக்கொள்வார். ஹெலிகாப்டரும் இப்படி ஒரே புள்ளியில் தொங்குவதுதான். ஆனால் அதற்குத் தோளை மாற்ற வழியில்லை, வாளிகளைத்தான் மாற்றி வைக்கவேண்டும்.

முன்பக்கம் கனத்தால் மூக்கு தாழ்ந்து, எந்திரம் முன்னே ஓடப் பார்க்கும். விமானி கையிலுள்ள தண்டைப் பின்னால் இழுத்துச் சமாளிப்பார். சரி, தண்டு கடைசிவரை வந்துவிட்டால்? இறங்கும்போது வேகத்தைக் குறைக்க மேலும் இழுக்க இடமே இருக்காது. எனக்கு இதுதான் பெரிய ஆபத்தாகப் படுகிறது. அப்புறம், பறக்கப் பறக்க எரிபொருள் குறைந்து மையமும் நகரும். அதனால் இறங்கும் நேரத்துக்கும் சேர்த்தே கணக்குப் போடுவார்கள்.

செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு, மருந்தடிக்கும் ட்ரோனிலும் இதே சிக்கல்தான், அதில் பல சுழலிகள். கனத்த பக்கத்து மோட்டார்கள் கூடுதலாக உழைக்கும், காற்றடித்தால் சமாளிக்க அவற்றிடம் மிச்ச பலம் குறைவு.

மொத்த எடை வரம்புக்குள் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது, வரம்புக்குள் இருக்கும் எடையே தப்பான இடத்தில் இருந்தாலும் கட்டுப்பாடு கைவிட்டுப் போகும்.