இட்லி கடித்து உடைந்த பல்

கேள்வி: எனக்கு 38 வயது. ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கும் லைனுக்கு சூப்பர்வைசர். ஆறு மாதமாகக் காலையில் எழுந்தாலே தாடை கெட்டித்துப் போகிறது, நெற்றிப்பொட்டு வலிக்கிறது, காதுக்குள் குத்துகிறது. டாக்டர் பார்த்துவிட்டுக் காதில் ஒன்றுமில்லை என்கிறார். "ராத்திரியெல்லாம் நறநறன்னு பல்லைக் கடிக்கிற, என் தூக்கம் போச்சு" என்கிறார் வீட்டுக்காரர். ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் அதிகமாகிறதாம். மகள் வேறு பிளஸ் டூ. டென்ஷனுக்கும் பல்லுக்கும் சம்பந்தம் உண்டா?
- வாசகி, ஆம்பூர்

பதில்: உண்டு. ஆனால் உங்கள் வீட்டுக்காரர் போடும் கணக்கு அளவுக்கு நேரானது இல்லை.

முதலில் ஒன்று செய்யுங்கள். காதுமடலுக்குக் கீழே, தாடை திரும்பும் இடத்தில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு கடைவாய்ப் பல்லை இறுக்கிக் கடியுங்கள். விரலுக்கடியில் ஒன்று புடைத்து எழும். அதுதான் மெல்லுகிற தசை, மசேட்டர். பொல்லாத பலம் அதற்கு. ராத்திரி முழுக்க அதை வேலை வாங்கினால் காலையில் வலிக்காமல் என்ன செய்யும்? தாடை மூட்டு காதை ஒட்டியே இருப்பதால், அந்த வலி காதுவலி என்றே தோன்றும். அப்புறம் கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பாருங்கள். ஓரம் சோமாசி ஓரம் மாதிரி நெளிநெளியாக இருந்தால், அது பல் அச்சு. கன்னத்தின் உள்பக்கம் ஒரு வெள்ளைக் கோடும் ஓடியிருக்கும்.

பல்லைக் கடிப்பதில் இரண்டு ஜாதி. ராத்திரிக் கடி வேறு, பகல் கடி வேறு. தூக்கத்தில் மூளை அவ்வப்போது சில நொடி லேசாக விழித்துக்கொள்ளும், நமக்குத் தெரியாது. அந்த நேரம் இதயம் சற்று வேகமாக அடிக்கும், அதைத் தொடர்ந்து தாடைத் தசை தாளம் போட ஆரம்பிக்கும். கனவில் யாரையும் நீங்கள் கடிக்கவில்லை, அந்தப் பழி வேண்டாம். கவலை இருந்தால் தூக்கம் மேலோட்டமாகும், இந்த அரைவிழிப்புகள் கூடும். மனஅழுத்தம் நுழைகிற வழி அதுவாக இருக்கலாம். ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. சாயங்காலத்துக்கு மேல் குடிக்கும் டீ, காபி, புகையிலை, மது, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கம், மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள் எல்லாம் இதைக் கிளப்பிவிடும். அப்படி மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

பகல் கடிக்கும் டென்ஷனுக்கும்தான் நெருக்கம் அதிகம். "பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தேன்" என்று நாம் சும்மாவா சொல்கிறோம்? என் கதையையே கேளுங்கள். கிளினிக்குக்கு மாடி எழுப்பிய வருஷம், சத்துவாச்சாரி வெயிலில் கொத்தனாருக்கும் கம்பிக்கடைக்கும் நடுவே நின்றேன். ஒரு நாள் காலை இட்லி சாப்பிடும்போது கீழ்க் கடைவாய்ப்பல் டக்கென்று பிளந்தது. முறுக்கில் இல்லை, இட்லியில்! விரிசல் மாதக்கணக்காக ஓடியிருக்கிறது. நாள் முழுக்க ஊரார் வாயைப் பார்க்கிறவன் என் வாயைப் பார்க்கவில்லை. பல் எனாமல் உடம்பிலேயே கடினமான பொருள். ஆனால் தேய்ந்தால் தேய்ந்ததுதான், திரும்ப வளராது.

சும்மா இருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடவே கூடாது. உதடு மூடியிருக்கலாம், உள்ளே இடைவெளி வேண்டும். லைனில் மணிக்கு மணி போர்டில் ஜோடிக் கணக்கு எழுதுவீர்கள் அல்லவா? சாக்பீஸை எடுக்கும்போதெல்லாம் 'பல் தொடுகிறதா?' என்று பாருங்கள். தொட்டால் தாடையைத் தளர விடுங்கள். முதல் நாளே ஆச்சரியப்படுவீர்கள். வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். கொஞ்ச நாள் கமர்கட், பட்டாணி, சூயிங்கம் வேண்டாம்.

பல் டாக்டர் அளவெடுத்து அக்ரிலிக்கில் ஒரு 'நைட் கார்டு' செய்து தருவார். அது கடிப்பதை நிறுத்தாது; பல்லுக்குப் பதில் தான் தேயும், அவ்வளவுதான். அதுவே பெரிய உபகாரம். ஆன்லைனில் விற்கும் மெத்தென்ற உறையை வாங்கிவிடாதீர்கள், சிலர் அதையே மென்றுகொண்டு கிடப்பார்கள். வலிக்கிறது என்று எடுத்த எடுப்பில் ராவினாலோ வேர் சிகிச்சை என்றாலோ, 'பல் கடிக்கிறேன், அதையும் பாருங்கள்' என்று சொல்லிவிடுங்கள். சொத்தையே இல்லாத பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டு, வலி அப்படியே இருக்க, என்னிடம் வந்தவர்கள் உண்டு. போகும்போது வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள். குறட்டை விடுகிறீர்களா என்று கேட்டால், சாட்சி அவர்தானே.

கேள்வி: ஆறு வயதுப் பேரன் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறான். வயிற்றில் பூச்சி என்று வீட்டில் வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுக்கிறார்கள். சரியா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆற்காடு, வட ஆற்காடு மாவட்டம்

பதில்: 1989-ல் பிரித்து, 2019-ல் மறுபடி மூன்றாக்கி, உங்கள் ஊர் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போயும் 'வட ஆற்காடு' என்றே எழுதியிருக்கிறீர்கள், ஐயா. படிக்கவே சந்தோஷமாக இருந்தது.

பூச்சிக்கும் பல் கடிப்பதற்கும் சம்பந்தம் இருப்பதாக உறுதியான ஆதாரம் இல்லை. பூச்சி மாத்திரையைப் பூச்சிக்காகவே கொடுங்கள், பள்ளியில் தரும் அல்பெண்டசோல் போதும். இந்த வயதில் பல் கடிப்பது சகஜம். பால் பல் விழுந்து நிரந்தரப் பல் வர வர, பெரும்பாலும் தானாகக் குறைந்துவிடும். உறை எதுவும் தேவையில்லை. வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறானா என்று மட்டும் ஒரு ராத்திரி பக்கத்தில் இருந்து கவனியுங்கள். விட்டால் மூக்குக்குப் பின்னால் இருக்கும் மூக்கடிச் சதையை (அடினாய்டு) காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்ட வேண்டும். பாவம், பையனுக்கு அந்த வேப்பங்கொழுந்தை நிறுத்திவிடுங்கள்.