கறுப்பு கோட்டிங்குக்கு அடியில் ஓட்டை: ஷோரூம்காரரிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: நான் சென்னை பள்ளிக்கரணையில் வசிக்கிறேன். கடந்த ஜனவரியில் ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள ஒரு செகண்ட் ஹேண்ட் கார் ஷோரூமில், 2013 மாடல் ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒன்றை 7,40,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஆன்லைன் விளம்பரத்தில் ‘துரு இல்லை, சேஸிஸ் புதுசு மாதிரி’ என்று போட்டிருந்தார்கள். குனிந்து பார்த்தபோது அடிப்பகுதி முழுக்கப் பளபளவென்று கறுப்பு கோட்டிங். ஏப்ரலில் ஏலகிரி போய் வந்ததிலிருந்து பின்பக்கம் ‘டொக் டொக்’ என்று சத்தம். மெக்கானிக் லிஃப்டில் ஏற்றி ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். பின் லீஃப் ஸ்பிரிங் பிராக்கெட்டுக்கு மேலே, சேஸிஸில், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்பு அடிச்சட்டத்தில், விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. பிரேக் பைப்பும் செதில் செதிலாக உரிகிறது. ஷோரூம்காரர் ‘நாங்க வெறும் கமிஷன் ஏஜென்ட், பழைய ஓனரைக் கேளுங்க’ என்கிறார். ‘முழுமையாகச் சோதித்து, உள்ளது உள்ளபடி பெற்றுக்கொண்டேன்’ என்று நான் கையெழுத்துப் போட்ட டெலிவரி நோட்டையும் காட்டுகிறார். பணம் திரும்பக் கிடைக்குமா? போலீஸுக்குப் போகலாமா? அமெரிக்காவில் ஒரு கம்பெனி இதே பிரச்சினைக்குச் சேஸிஸையே மாற்றிக் கொடுத்ததாமே, இங்கே அப்படிக் கேட்க முடியாதா? என் மச்சான், ‘பிளேட் வைத்து வெல்டிங் போட்டு, பெயின்ட் அடித்து வேறு யாருக்காவது தள்ளிவிடு’ என்கிறார்.

பதில்: முதல் வேலையாக வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். ஒர்க்‌ஷாப்பிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவதாக இருந்தாலும் டோ வண்டியில் ஏற்றியே கொண்டுவாருங்கள். பின் அச்சைத் தாங்குவதே அந்த ஸ்பிரிங் பிராக்கெட்தான். அது பிய்ந்துகொண்டால் ஸ்டீயரிங் உங்கள் பேச்சைக் கேட்காது. சட்டப்படியும் இதில் சிக்கல் இருக்கிறது. ஆபத்தான குறை இருப்பது தெரிந்தே பொது இடத்தில் வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவின்படி 1,500 ரூபாய் வரை அபராதம். அந்தக் குறையால் விபத்து நடந்து யாருக்காவது காயமோ சொத்துக்குச் சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மெக்கானிக் ஓட்டையைக் காட்டிய நாளிலிருந்து உங்களுக்குத் ‘தெரியும்’. அதற்குப் பிறகும் ஓட்டிக்கொண்டிருந்தால், ‘குறை தெரிந்தும் வண்டியை ஏற்றுக்கொண்டார்’ என்று எதிர்த் தரப்பு வக்கீல் வாதிடவும் நீங்களே இடம் கொடுத்ததாகிவிடும்.

சரி, வழக்குக்கு வருவோம். பழைய வண்டியில் துரு இருப்பது சட்டப்படி குற்றமல்ல. பத்து வருடத்துக்கு மேல் ஓடிய, அதுவும் சேறு, ஆறு, கடற்கரை மணல் என்று இறங்கிய வண்டியில் துரு இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ‘துருப்பிடித்த வண்டியை விற்றார்’ என்று மட்டும் மனுப் போட்டால் உங்கள் வழக்கு நிற்காது. உங்கள் வழக்கு முழுக்க அந்தக் கறுப்பு கோட்டிங்கில்தான் இருக்கிறது. துருவை யார் மறைத்தார், எப்போது மறைத்தார், தெரிந்தே மறைத்தாரா என்பதுதான் கேள்வி.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 17-வது பிரிவு மோசடியை விளக்கும்போது, ஒரு உண்மையைத் தெரிந்துகொண்டே முனைந்து மறைப்பதையும் அதில் சேர்க்கிறது. வெறுமனே வாயை மூடிக்கொண்டிருப்பது பொதுவாக மோசடி ஆகாது. ஓட்டை மேல் கோட்டிங் அடிப்பதும், ‘துரு இல்லை’ என்று விளம்பரம் போடுவதும் வாயை மூடிக்கொண்டிருப்பது அல்லவே.

டெலிவரி நோட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சரக்கு விற்பனைச் சட்டம் 1930-இன் 16-வது பிரிவில், வாங்குபவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு அவர் பிறகு புகார் சொல்ல முடியாது என்று இருக்கிறது. ஷோரூம்காரர் பிடித்துக்கொள்ளப் போவது இதைத்தான். ஆனால் குனிந்து பார்த்தால் தெரியக்கூடிய குறைக்கும், சுரண்டினால்தான் தெரியும் குறைக்கும் வித்தியாசம் உண்டு. வாங்க வந்தவர் ஷோரூமில் நிற்கும் வண்டியை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்ப்பார் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. ‘உள்ளது உள்ளபடி’ என்ற வாசகமும் மோசடிக்குக் கவசம் ஆகாது. ஒரு நுணுக்கம்: அந்த வாசகத்தையே ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று ரத்து செய்யக் கேட்டால், அதை விசாரிக்கும் அதிகாரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இல்லை, மாநில ஆணையத்துக்குத்தான். அந்தக் கோரிக்கையை மனுவில் கலக்காதீர்கள். நியாயமற்ற வணிக முறை, பொருளின் குறைபாடு, சேவைக் குறைபாடு என்ற மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

‘நாங்க வெறும் ஏஜென்ட்’ என்ற பதிலை எங்கள் வக்கீல் அலுவலகத்தில் அடிக்கடி கேட்கிறோம். 2023 ஏப்ரல் 1 முதல், பதிவான பழைய வாகனங்களை வாங்கி விற்கும் டீலர்கள் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 55ஏ முதலான விதிகள் இதற்காகவே வந்தவை. பழைய உரிமையாளர் அந்த விதிப்படி படிவம் 29சி மூலம் வண்டியை ஒப்படைத்திருந்தால், விற்கும் வரை டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். அங்கீகாரமே இல்லை என்றால், அதுவும் நோட்டீஸில் எழுத வேண்டிய விஷயம். பணம் யார் கணக்குக்குப் போனது என்று வங்கி ஸ்டேட்மென்ட்டில் பாருங்கள். கமிஷன்தான் வாங்கினார் என்றே வைத்துக்கொண்டாலும், தரத்தைப் பற்றிப் பொய்யான விளம்பரம் போட்டவர் அவர். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 2(47) பிரிவு அதைத்தான் நியாயமற்ற வணிக முறை என்கிறது. ஒரு தனிநபரிடம் நேரடியாக வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவே வழியில்லாமல் சிவில் கோர்ட்டில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

பழைய ஓனரை எதிரியாக நினைக்காதீர்கள். பெரும்பாலும் உங்கள் சிறந்த சாட்சி அவராகத்தான் இருப்பார். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் அவர் விவரம் இருக்கும். மரியாதையாகப் பேசி மூன்று விஷயங்கள் கேளுங்கள்: விற்றபோது அடியில் கோட்டிங் இருந்ததா, துருவைப் பற்றி ஷோரூமில் பேச்சு வந்ததா, அதற்காக விலையைக் குறைத்தார்களா. ‘அவங்கதான் துருவைக் காட்டி ஐம்பதாயிரம் குறைச்சாங்க’ என்று அவர் சொன்னால், ஷோரூம்காரருக்குத் தெரியும் என்பது நிரூபணமாகிவிடும். பழைய இன்ஷூரன்ஸ் பாலிசியையும் கேட்டுப் பாருங்கள். நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் எதுவும் வாங்காததற்கான பிரீமியம் தள்ளுபடி) திடீரென்று பூஜ்யமாகியிருந்தால் ஏதோ கிளெய்ம் நடந்திருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. வண்டி தண்ணீரில் நின்றதா என்று தெரிந்துகொள்வது நல்லது.

சாட்சியத்தில் மிக முக்கியமானது வண்டிதான். வெல்டிங், டிங்கரிங், வாட்டர் வாஷ் எதுவும் இப்போது வேண்டாம். ஜீப் சேஸிஸின் இரண்டு பக்கத்து நீள இரும்புச் சட்டங்களும் உள்ளே காலியான பெட்டி போன்றவை. அடியிலுள்ள வடிகால் துளைகள் சேற்றால் அடைத்துக்கொண்டால், உள்ளே ஈரம் தங்கி இரும்பை உள்ளிருந்தே தின்னும். வெளியே கோட்டிங் அப்படியே இருக்கும். சுத்தியலால் தட்டினால் ‘டிங்’ என்ற சத்தத்துக்குப் பதில் மந்தமாகக் கேட்கும். இவ்வளவும் மூன்று மாதத்தில் நடக்காது, பல வருட வேலை. ‘நீங்க ஏலகிரி போய்க் கெடுத்துட்டீங்க’ என்று வரப்போகும் வாதத்துக்கு இதுவே பதில். லைசென்ஸ் பெற்ற மோட்டார் சர்வேயர் ஒருவரை அழைத்து, கோட்டிங் எங்கே துருச் செதிலின் மேலேயே அடிக்கப்பட்டிருக்கிறது, ஓட்டை எந்த இடத்தில், இரும்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, சேஸிஸ் நம்பர் தெளிவாக இருக்கிறதா என்று போட்டோவோடு அறிக்கை வாங்குங்கள். சுரண்டி எடுத்த செதிலை, கோட்டிங் ஒட்டியபடியே, கவரில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். பிறகு ஆணையத்திடம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38(2)(சி) பிரிவில் பரிசோதனைக்கு அனுப்பவும் கேட்கலாம். விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு இவற்றுக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-வது பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ கூடாது.

எங்கே வழக்குப் போடுவது? கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை கட்டணம் 200 ரூபாய்தான். இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. (இதைச் சொல்வதால் எனக்கு நஷ்டம்தான், இருந்தாலும் உண்மை.) கெடு இரண்டு ஆண்டு. பரிசோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நீளும் என்று நினைத்துக்கொண்டே இறங்குங்கள். கோரிக்கையை இரண்டாக வையுங்கள்: வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு விலையை வட்டியோடு தர வேண்டும், அது இல்லையென்றால் முறையான சேஸிஸ் மாற்றத்துக்கான முழுச் செலவும் நஷ்டஈடும்.

போலீஸில், புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 318(4) பிரிவில் ஏமாற்றுப் புகார் தரலாம். ‘இது சிவில் மேட்டர்’ என்று சொல்லி சி.எஸ்.ஆர். ரசீதோடு (எஃப்.ஐ.ஆர். போடாமல், புகார் வந்தது என்று மட்டும் தரும் சீட்டு) அனுப்பிவிட வாய்ப்பு அதிகம். பழைய ஓனரின் வாக்குமூலம் கையில் வந்த பிறகு கொடுத்தால் புகாருக்குக் கனம் இருக்கும்.

அமெரிக்க விஷயம் உண்மைதான். டொயோட்டா டகோமா, டன்ட்ரா, செக்கோயா வண்டிகளின் சேஸிஸ் துரு தொடர்பான வழக்கில் 2016-இல் சமரசம் ஏற்பட்டது. சுமார் 15 லட்சம் வண்டிகள் அதில் வந்தன. குறிப்பிட்ட அளவுக்கு ஓட்டை இருந்தால் கம்பெனி சேஸிஸை மாற்றிக் கொடுத்தது. அங்கே பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள், சேஸிஸுக்குப் போதிய துருத் தடுப்புப் பூச்சு இல்லை என்பது வழக்கு. அது தயாரிப்பாளர் மீதான வழக்கு, அதுவும் முதல் விற்பனையிலிருந்து 12 ஆண்டு என்ற வரம்போடு. இங்கே 2013 மாடலுக்கு வாரன்டி முடிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவில் உள்ள ரீகால் (குறையுள்ள வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைத்துச் சரிசெய்வது) ஏற்பாடும் ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். நுகர்வோர் சட்டத்தில் உள்ள தயாரிப்புப் பொறுப்பு, அந்தப் பொருளுக்கே ஏற்பட்ட சேதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. கம்பெனியைச் சேர்த்தால் வழக்கு நீளும், பலன் இருக்காது. இன்ஷூரன்ஸும் உதவாது. சொந்த வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பாலிசியில் தேய்மானம் விலக்கப்பட்டது.

வேறு சேஸிஸ் மாட்டலாம் என்று, பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைப் பக்கம் போகும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். வண்டியின் அடையாளமான நம்பர் சேஸிஸில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆர்.டி.ஓ.வின் முன் அனுமதி இல்லாமல் மாற்றினால் ஆர்.சி.யும் வண்டியும் பொருந்தாமல் போய், நீங்கள் வாதி என்பது மாறி விளக்கம் சொல்ல வேண்டியவர் ஆகிவிடுவீர்கள்.

மச்சான் சொல்வதைச் செய்தால், மேலே ஷோரூம்காரரைப் பற்றி எழுதிய 17-வது பிரிவும் 318-வது பிரிவும் அப்படியே உங்களுக்குப் பொருந்தும். உங்கள் விஷயத்தில் நிரூபிப்பது இன்னும் சுலபம், ஓட்டை இருப்பது உங்களுக்குத் தெரியும் என்பதற்கு உங்கள் மெக்கானிக்கே சாட்சி. குறையை எழுத்தில் சொல்லி, அந்த விலைக்கு விற்பதில் தவறில்லை. ஆனால் வழக்கு முடியும் வரை அதுவும் வேண்டாம்.

இந்த வாரமே ஷோரூமுக்கு ஸ்பீடு போஸ்டில், டெலிவரி ஆனதற்கான சான்றோடு நோட்டீஸ் அனுப்புங்கள். விளம்பர வாசகம், விலை, ஓட்டை தெரிந்த தேதி, சர்வேயர் அறிக்கை, ‘வண்டியை நான் ஓட்டவில்லை, நீங்கள் வந்து பார்க்கலாம், திரும்ப எடுத்துக்கொள்ளலாம்’ என்ற வரி, 15 நாள் அவகாசம், இவ்வளவு போதும். திட்டி எழுத வேண்டாம், பிறகு ஆணையத்தில் அதையும்தான் படிப்பார்கள். வந்து பார்க்கிறோம் என்றால் பார்க்கட்டும், ஆனால் கோட்டிங்கில் கைவைக்க விடாதீர்கள், பார்ப்பதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஃப்ரீயா வெல்டிங் போட்டுத் தர்றோம்’ என்பார்கள். அதை ஏற்க வேண்டாம்.