ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) பாறையில் குழாய் குழாயாக முளைத்து நூல் விடும் உயிர்களை எப்படி ஒழிப்பது?

பாறையில் சின்னச் சின்னக் குழாய்கள் முளைத்திருக்கின்றன, சாப்பாடு போட்டால் சிலந்திவலை மாதிரி நூல் விடுகின்றன, பக்கத்தில் உள்ள ஜோயாந்தஸ் (பூப்போல விரியும், பவளத்துக்குச் சொந்தமான உயிர்) விரியவே மாட்டேன் என்கிறது, கடைக்காரர் காப்பர் மருந்து ஊற்றச் சொல்கிறார், ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஊற்றாதீங்க. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது வெர்மெட்டிட் என்ற குழாய் நத்தையாக இருக்கலாம். காப்பர் அந்தக் குழாயை மட்டும் தேடிப்போய்க் கொல்லாது. இறால், நத்தை, பவளம் என்று முதுகெலும்பில்லாத எல்லாவற்றுக்கும் அது விஷம். பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பிற்பாடு கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும்.

கோயமுத்தூரில் என் வீட்டில் இருப்பது நாலடித் தொட்டி, 300 லிட்டர் பிடிக்கும். ஈரோட்டு நண்பர் ஒருவர் பிரியமாகக் கொடுத்த ஜோயாந்தஸ் துண்டின் பிளக்குக்கு (துண்டை ஒட்டி வைக்கும் சின்ன அடிக்கட்டை) அடியில் ஒட்டிக்கொண்டு எனக்கும் இது வந்து சேர்ந்தது. முதல் மூன்று மாதம் ஒன்றிரண்டுதான் இருந்தன. ராத்திரி டார்ச் அடித்து ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாம் மாதம் நீரோட்டம் தரும் பவர்ஹெட் பம்ப்பின் மூடி, தண்ணீர் வழிந்து வெளியேறும் ஓவர்ஃப்ளோவின் சீப்பு என எங்கு தொட்டாலும் குழாய்.

மருந்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், உங்களிடம் இருப்பது எது என்று பாருங்கள். தண்ணீரில் மிதக்கும் துணுக்குகளை வடிகட்டித் தின்னும் உயிர்கள் பல உண்டு, அவற்றில் பெரும்பாலானவை நல்லவை. சேறு பூசினாற்போல மெத்தென்ற குழாய், அதன் வாயில் இறகு விசிறி, நிழல் பட்டதும் சட்டென்று உள்ளே போகிறது என்றால் அது விசிறிப் புழு. கண்ணாடியில் ஒட்டிய வெள்ளைச் சுருள், இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் என்றால் அது ஸ்பைரோர்பிட் புழு. வடிகட்டும் கருவிகள் இருக்கும் கீழ்த்தொட்டியான சம்ப்பின் இருட்டில் பஞ்சு உருண்டையாக நிற்பவை கடற்பஞ்சுகள். இவை மூன்றும் தண்ணீரைச் சுத்தம் செய்பவை, அப்படியே விட்டுவிடுங்கள். குழாய் கல் மாதிரி கெட்டியாக, விரலைக் கிழிக்கும் கூர்மையோடு இருந்து, விசிறி எதுவும் வராமல் கோழைநூல் மட்டும் வந்தால் அதுதான் வெர்மெட்டிட். பார்க்கப் புழுப் போல இருந்தாலும் அது நத்தை. குஞ்சாக இருக்கும்போது மற்ற நத்தைகளைப் போல ஊர்ந்து திரியும். ஓரிடத்தில் ஒட்டிக்கொண்ட பிறகு ஆயுளுக்கும் நகராமல் குழாயை நீட்டிக்கொண்டே போகும். கோழையை வலையாக வீசி, அதில் சிக்கியதை வலையோடு சேர்த்து இழுத்து விழுங்கும்.

அந்தக் கோழைதான் பவளத்துக்குத் தொந்தரவு. பிரெஞ்சு பாலினீசியாவின் மூரியா தீவில் நடந்த ஓர் ஆய்வு 2010-ல் வெளியானது. வெர்மெட்டிட் இருக்கும் இடத்தில் பவளங்களின் வளர்ச்சியும் பிழைத்திருப்பதும் குறைகின்றன என்று அது காட்டியது. ஆக, உங்கள் ஜோயாந்தஸ் விரியாததற்கு அதுவே காரணமாக இருக்க நிறைய வாய்ப்புண்டு.

ஆனைமலைப் பக்கம் என் மாமாவுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. 2016-ல் பொள்ளாச்சி வட்டாரத்துத் தென்னையில் சுருள் வெள்ளை ஈ இறங்கியதே, அந்தச் சமயத்தில் அவர் சொன்னது இந்தத் தொட்டி முன்னால் நிற்கும்போதெல்லாம் ஞாபகம் வரும். "மருந்தடிச்சா ஈயைக் கொல்ற குளவியுஞ் சேந்து போயிருங் கண்ணு. மட்டையில தண்ணியப் பீச்சு, மஞ்சத் தாளைக் கட்டு, பொறுத்திரு." பாறைக்கும் அதே வைத்தியம்தான்.

எனக்குப் பலன் தந்தது சூப்பர் க்ளூ ஜெல். நீராக ஓடும் ரகம் தண்ணீருக்குள் நிற்காது, கெட்டியான ஜெல் ரகமாகப் பார்த்து வாங்குங்கள். பம்ப்பை நிறுத்திவிட்டு, வெளியே எடுக்க முடிந்த பாறையை எடுத்து, கட்டிங் பிளேயரால் குழாயை அடியோடு நறுக்குங்கள். நறுக்கியதோடு விட்டால் உள்ளே ஒடுங்கிய நத்தை மறுபடியும் குழாய் கட்டிவிடும். அதனால் மிஞ்சிய ஓட்டைமேல் ஜெல்லை வைத்து அடைக்க வேண்டும். எடுக்க முடியாத பாறையில், குச்சி நுனியில் ஜெல் எடுத்து வாயை மட்டும் மூடினால் போதும். ஒரே நாளில் எல்லாவற்றையும் அடைக்காதீர்கள், உள்ளே செத்து அழுகித் தண்ணீர் கெட்டுவிடும். நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் இருபது முப்பது என்று எட்டு மாதம் அடைத்தேன். பாறை முகப்பு முழுக்கச் சுத்தமானது. ஓவர்ஃப்ளோவுக்குள் இன்னும் சில இருக்கின்றன.

யூவி விளக்கு வாங்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். தண்ணீரோடு மிதந்து தன் வழியாகப் போகும் உயிர்களை மட்டும்தான் அது கொல்லும். தாய் முட்டைகளைக் குழாய்க்குள்ளேயே வைத்துக் காக்கிறது. தொட்டியில் பெருகும் இனங்களில் குஞ்சு ஊர்ந்தே வெளிவந்து பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது. நீந்தாத குஞ்சை விளக்கு என்ன செய்யும்?

சாப்பாட்டில் கை வையுங்கள். பெருகியதற்கு நானே காரணம் என்று எனக்குப் புரிந்தது இங்கேதான். பவளத்துக்கு என்று நினைத்து வாரம் மூன்று முறை தூள் உணவு தூவிக்கொண்டிருந்தேன். அது போய்ச் சேர்ந்தது கோழை வலைகளில். தூளை நிறுத்தினேன், உறைய வைத்த இறால் உணவை வலையில் அலசிப் போட்டேன், துணுக்குகளைப் பிடிக்கும் துணிப்பையான ஃபில்டர் சாக்ஸை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றினேன். இரண்டு மாதத்தில் புதுக் குழாய்கள் முளைப்பது கண்ணுக்குத் தெரியக் குறைந்தது.

இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: குழாய்களைக் கொல்ல நினைத்து, ஜோயாந்தஸ் ஒட்டிய பாறையைக் கொதிக்கும் தண்ணீரில் போடாதீர்கள். சில ஜோயாந்தஸ், பாலிதோவா வகைகளில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் இருக்கிறது. அது ஆவியோடு கலந்து, வீட்டிலிருந்தவர்கள் எல்லோரும் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன. பிரஷ் போட்டுத் தேய்க்கும்போதும் கையுறையும் கண்ணாடியும் வேண்டும். குழந்தைகள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

பாறையே வேண்டாம், புதிதாக மாற்றிவிடலாம் என்று தோன்றினால் காய்ந்த பாறையோ செயற்கைப் பாறையோ வாங்குங்கள். மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்த பவளப் பாறை என்று யாராவது கொண்டுவந்தால் தொடாதீர்கள். கடினப் பவளங்கள் 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுபவை.

போன மாதம் ஈரோட்டு நண்பர் இன்னொரு துண்டு கொடுத்தார். கையுறை போட்டுக்கொண்டு பழைய பிளக்கைப் பிளேடால் பிரித்து வீசிவிட்டு, துண்டைப் புது பிளக்கில் ஒட்டி, தனியாக ஒரு சின்னத் தொட்டியில் வைத்தேன். மூன்றாவது வாரம் அதன் ஓரத்தில் கடுகளவு குழாய் ஒன்று தலைகாட்டியது. அங்கேயே ஒரு சொட்டு ஜெல் வைத்தேன். இன்னும் ஒரு மாதம் அது அந்தத் தொட்டியில்தான் இருக்கும்.