கதவு எண் இல்லாத ஊருக்கு வந்த கடிதங்கள்

கேள்வி: கலிபோர்னியாவில் தங்கம் தேடி 1849-ஆம் ஆண்டு குவிந்த கூட்டத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். தெருப் பெயரும் கதவு எண்ணும் இல்லாமல் ஆற்றங்கரைக் கூடாரங்களில் கிடந்தவர்களுக்கு வீட்டிலிருந்து கடிதம் எப்படிப் போய்ச் சேர்ந்தது? முப்பது ஆண்டுகள் பட்டுவாடா பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் இந்தச் சந்தேகம்.
– ஓய்வுபெற்ற தபால்காரர், தேனி

பதில்: பட்டுவாடா பார்த்தவருக்குத்தான் இந்தக் கேள்வி முதலில் தோன்றும். அரசாங்க அஞ்சல் அந்தக் கடிதங்களைச் சான் பிரான்சிஸ்கோ துறைமுகம் வரை கொண்டுவந்து சேர்த்தது. அதற்கு அப்பால், மலையடிவாரச் சுரங்க முகாம்கள் வரையிலான தூரத்தை முதல் சில ஆண்டுகளில் பெரும்பாலும் தனியார்தான் சுமந்தார்கள்.

கோலோமா என்ற இடத்தில் ஜான் சட்டர் என்ற நிலக்கிழாருக்காக மரம் அறுக்கும் ஆலையொன்றைக் கட்டிக்கொண்டிருந்த ஜேம்ஸ் மார்ஷல், நீர்க்காலில் தங்கத் துணுக்குகளைக் கண்டது 1848 ஜனவரி 24-ஆம் நாள். மெக்சிகோ அந்த நிலத்தை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்த உடன்படிக்கை கையெழுத்தானது பிப்ரவரி 2-ஆம் நாள். ஆகவே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அமெரிக்க அஞ்சல் ஏற்பாடு என்று அங்கே எதுவும் இல்லை. எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. அஞ்சலகங்களை நிறுவுவதற்கென்று வில்லியம் வான் வூர்ஹீஸ் என்பவரை வாஷிங்டன் தனி அலுவலராக நியமித்து அனுப்பியது. அவர் ஏறி வந்த ‘கலிபோர்னியா’ என்ற நீராவிக் கப்பல், 1848 அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு, தென் அமெரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு, 1849 பிப்ரவரி 28 அன்று சான் பிரான்சிஸ்கோவை வந்தடைந்தது. நங்கூரம் போட்டதும் மாலுமிகள் தங்கம் தேடிக் கம்பி நீட்டிவிட்டார்கள். அஞ்சலைத் திருப்பி எடுத்துச்செல்ல வேண்டிய கப்பல், ஆளும் நிலக்கரியும் இல்லாமல் வாரக்கணக்கில் துறைமுகத்திலேயே நின்றது. அடுத்து வந்த ‘ஓரிகன்’ கப்பலின் தலைவர் பியர்சன் விவரமானவர். தம் கப்பலை ‘ஒஹையோ’ என்ற போர்க்கப்பலின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, மாலுமிகளைக் காவலில் வைத்திருந்து, ஏப்ரல் 12-ஆம் நாள் அஞ்சலோடு திரும்பிப் புறப்பட்டார்.

அந்த ‘ஓரிகன்’ ஏப்ரல் 1-ஆம் நாள் கொண்டுவந்து இறக்கியவர்தான் சான் பிரான்சிஸ்கோவின் போஸ்ட் மாஸ்டராக நியமிக்கப்பட்ட ஜான் கியரி. அவரோடு வந்தவை ஏறத்தாழ 5,000 கடிதங்கள். அஞ்சலகக் கட்டடம் கிடையாது, கடிதம் பிரித்துப் போடும் அறைப்பெட்டி கிடையாது. வாடகைக்குக் கிடைத்த சிறிய அறையில் தரையிலேயே எழுத்துக்கு ஒரு கட்டமாகக் கோடு கிழித்து, அந்தந்தக் கட்டத்தில் கடிதங்களைக் குவித்து, ஒரேயொரு கண்ணாடிச் சில்லைப் பெயர்த்தெடுத்த துளை வழியாக அவர் வினியோகித்தார் என்று சொல்லப்படுகிறது. பின்னாளில் அந்த நகரத்தின் முதல் மேயராகவும் பென்சில்வேனியா மாநிலத்தின் ஆளுநராகவும் ஆனவர் இவர் என்பதை எண்ணிக்கொண்டு அந்தத் துளையைப் பார்க்க வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட பட்டுவாடா. கடிதத்தின் மேல் பெயரும் ‘சான் பிரான்சிஸ்கோ’ அல்லது ‘சாக்ரமென்டோ’ என்ற ஊர்ப்பெயரும் இருக்கும், அவ்வளவுதான். பெறுநர் இந்த மாதம் ஓர் ஓடைக்கரையில் இருப்பார், தங்கம் தீர்ந்தால் அடுத்த மாதம் இருபது மைல் தள்ளி இன்னொரு பள்ளத்தாக்கில் இருப்பார். வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பது நினைத்துப் பார்க்கவும் முடியாத காரியம் என்பதால், அவரே அஞ்சலகத்துக்கு வந்து தம் பெயருக்குக் கடிதம் உண்டா என்று கேட்டுப் பெற வேண்டும் என்பதே விதியாயிற்று. கேட்பாரற்றுக் கிடந்த கடிதங்களின் பெயர்ப்பட்டியல் செய்தித்தாளில் அச்சாகும். அப்படியும் யாரும் வராதவை வாஷிங்டனில் இருந்த ‘செத்த கடிதங்கள்’ அலுவலகத்துக்குத் திரும்பிப் போகும்.

மலையிலிருந்து ஒரு தொழிலாளி கடிதம் கேட்பதற்காகவே சான் பிரான்சிஸ்கோவுக்கு இறங்கி வந்தால், போக வர பல நாள் வேலை போய்விடும். திரும்புவதற்குள் அவருடைய தங்கப் பள்ளத்தை வேறொருவர் பிடித்துக்கொள்ளவும் கூடும். இந்த இடைவெளியில்தான் அலெக்சாண்டர் டாட் என்பவர் நுழைந்தார். இவரும் தங்கம் தோண்ட வந்தவர்தான். குளிர்ந்த தண்ணீரில் நின்று வேலை செய்வது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1849 கோடையில் முகாம் முகாமாகச் சென்று ஆளுக்கு 1 டாலர் வாங்கிக்கொண்டு பெயர்களைப் பதிவு செய்தார். அந்தப் பட்டியலோடு சான் பிரான்சிஸ்கோ அஞ்சலகத்துக்குப் போனார். ஆயிரக்கணக்கான பெயர்களைத் தேடிப் பார்க்க அங்கே ஆளில்லாததால், போஸ்ட் மாஸ்டர் டாடையே எழுத்தராகப் பிரமாணம் செய்ய வைத்து, கடிதக் குவியலில் அவரே தேடி எடுத்துக்கொள்ள விட்டுவிட்டார். சும்மா இல்லை, எடுத்துச்செல்லும் ஒவ்வொரு கடிதத்துக்கும் போஸ்ட் மாஸ்டருக்கு 25 சென்ட் தரவேண்டும் என்பது பேச்சு. முகாமில் கொண்டுபோய்க் கொடுத்ததும் டாட் பெற்ற கூலி, கடிதத்துக்கு ஓர் அவுன்ஸ் தங்கத்தூள்; அங்கே அப்போது அதன் மதிப்பு 16 டாலர். நியூயார்க் செய்தித்தாள்களை 1 டாலருக்கு வாங்கி மலையில் 8 டாலருக்கு விற்றார். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஸ்டாக்டன் வரை ஆற்றில் படகில் போகும்போது, ஏறிய பயணிகளிடம் தலைக்கு ஓர் அவுன்ஸ் கட்டணம் வாங்கிக்கொண்டு அவர்களையே துடுப்பும் போட வைத்தார் என்பது கூடுதல் செய்தி. இதைப் பகற்கொள்ளை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எட்டு மாதமாக வீட்டுச் செய்தி அறியாதவர் ஒருவர் அந்தத் தங்கத்தைக் கொடுத்தபோது முகம் சுளித்திருப்பார் என்று தோன்றவில்லை.

கேள்வி: அஞ்சலகத்தின் முன்னால் மக்கள் இரவு முழுவதும் வரிசையில் நின்றதாகவும், வரிசையில் இடத்தையே விற்றதாகவும் படித்தேன். நம்பலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: தாராளமாக நம்பலாம். கிளே தெருவும் பைக் தெருவும் சந்திக்கும் முனையில் இருந்த அஞ்சலகத்தின் முன்னால் வரிசைகள் வளைந்து வளைந்து மேட்டின் மேல் ஏறிப்போவதைக் காட்டும் அச்சுச் சித்திரம் ஒன்று அந்தக் காலத்திலேயே வெளியாகி இன்றுவரை பாதுகாக்கப்பட்டு வருகிறது. 1848-இல் ஆயிரம் பேர் அளவுக்கே இருந்த ஊர், 1849 முடிவதற்குள் ஏறத்தாழ 25,000 பேராகப் பெருகிவிட்டது. கடிதமோ மாதத்துக்கு ஒரு கப்பலில் மொத்தமாக வந்து இறங்கியது. அந்த மூட்டைகளைப் பிரித்து அடுக்கும் வரை அஞ்சலக ஊழியர்கள் கதவைச் சாத்திக்கொண்டு இரவு பகலாக வேலை செய்தார்கள்.

வெளியே நின்றவர்கள் போர்வையோடு வந்து படுத்தார்கள், நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். காப்பியும் பலகாரமும் விற்பவர்கள் வரிசை நெடுக நடந்தார்கள். கடிதத்தை எதிர்பார்க்காத சிலர் முன்கூட்டியே வந்து இடம்பிடித்து, பொழுது விடிந்ததும் 10 முதல் 20 டாலர் வரை விலை வைத்து அந்த இடத்தை விற்றுவிட்டு நகர்ந்தார்கள். நம் ஊரில் முதல் நாள் முதல் காட்சிக்கு நின்றவர்களுக்கு இது புதிய தொழிலாகத் தோன்றாது. இத்தனைக்கும் பிறகு சன்னலை எட்டியவருக்கு ‘உமக்கு ஒன்றும் இல்லை’ என்ற பதில் கிடைப்பதும் உண்டு.

கப்பல் வருவதை அறிவிக்கத் துறைமுகத்தின் மேலிருந்த குன்றில் கைகாட்டி மரம் ஒன்று நட்டிருந்தார்கள். அதனாலேயே அதற்கு டெலிகிராப் குன்று என்று பெயர். இரண்டு கைகளும் விரிந்தால் பக்கச் சக்கர (இருபுறமும் துடுப்புச் சக்கரம் சுழலும்) நீராவிக் கப்பல் வருகிறது, அதாவது தபால் வருகிறது என்று பொருள். நாடகமொன்றில் நடிகர் இரு கைகளையும் விரித்து ‘இதற்கு என்ன பொருள்?’ என்று வசனம் பேச, கொட்டகையின் கடைசி வரிசையிலிருந்து ‘பக்கச் சக்கரக் கப்பல்!’ என்று ஒரு குரல் வந்ததாக அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு.

கேள்வி: ஒரு கடிதத்துக்கு அஞ்சல் கட்டணம் எவ்வளவு? எந்த வழியாக வந்தது?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: கிழக்குக் கரையிலிருந்து கலிபோர்னியாவுக்கு அரை அவுன்ஸ் கடிதம் ஒன்றுக்கு 40 சென்ட். அந்த மதிப்புக்கு அப்போது அஞ்சல்தலை கிடையாது. 1847-இல் வெளியான 5 சென்ட், 10 சென்ட் தலைகள் மட்டுமே இருந்தன. எனவே பல கடிதங்கள் ‘40’ என்ற முத்திரை குத்தப்பட்டு, நம்முடைய ‘நாட் பெய்டு’ கடிதம்போல், பெறுபவரிடமே வசூலிக்கப்பட்டன. 1851 ஜூலையிலிருந்து முன்பணம் கட்டினால் 6 சென்ட், கட்டாவிட்டால் 10 சென்ட் என்று குறைந்தது.

வழக்கமான வழி பனாமா. நியூயார்க்கிலிருந்து, பனாமாவின் அட்லாண்டிக் பக்கக் கரையிலிருந்த சாக்ரெஸ் வரை ஒரு கப்பல். அங்கிருந்து ஆற்றில் படகு, பிறகு கோவேறு கழுதை முதுகில் காட்டுப்பாதை, பனாமா நகரில் இன்னொரு கப்பல். பசிபிக் பக்கத்து ஒப்பந்தம் வில்லியம் ஆஸ்பின்வால் தொடங்கிய பசிபிக் மெயில் நிறுவனத்திடம் இருந்தது. அதற்கு அரசு தந்த தொகை ஆண்டுக்கு 1,99,000 டாலர். 1855-இல் பனாமா ரயில் பாதை முடிந்த பிறகே கழுதைகளுக்கு ஓய்வு கிடைத்தது.

கேள்வி: தனியாரின் கொடி பறந்தபோது அரசாங்க அஞ்சல்துறை என்ன செய்துகொண்டிருந்தது? தடுக்கவில்லையா?
– வாசகர், ஈரோடு

பதில்: தடுக்க நினைத்தாலும் கையில் ஆள் இல்லை. சிறிய ஊர் போஸ்ட் மாஸ்டர்களுக்கு, கையாளும் கடிதக் கட்டணத்தில் ஒரு பங்குதான் ஊதியம். ஆற்றில் ஒரு நாள் தங்கம் அரித்தால் அதைவிட அதிகம் கிடைக்கும் என்ற நிலையில் யார் சன்னலுக்குப் பின்னால் உட்காருவார்கள்? எனவே துறை ஒரு சமரச வழியைப் பிடித்தது. அரசின் கட்டணம் அச்சிட்ட உறையை வாங்கிப் பயன்படுத்தினால் தனியாரும் கடிதம் சுமக்கலாம் என்றாயிற்று. 1852-இல் தொடங்கிய வெல்ஸ் பார்கோ நிறுவனம் அந்த அரசாங்க உறைகளையே மொத்தமாக வாங்கித் தன் பெயரையும் அச்சடித்து விற்றது. டாடின் தொழிலும் 1853-இல் அதன் கைக்குப் போனது. மக்கள் அரசுக்கு ஒரு கட்டணம், நிறுவனத்துக்கு ஒரு கட்டணம் என்று இரட்டிப்பாகக் கட்டி, கடிதத்தைத் தனியாரிடமே கொடுத்தார்கள். அந்த நிறுவனம் கடிதம் சுமப்பதை நிறுத்தியது 1895-இல்தான்.

அரசாங்கத்துக்காகச் சுமந்து கூலி கிடைக்காமல் போனவரும் ஒருவர் இருக்கிறார். நார்வேயில் பிறந்த ஜான் தாம்சன், 1856 முதல் குளிர்காலங்களில் பிளேசர்வில் என்ற சுரங்க ஊரிலிருந்து சியரா நெவாடா மலையைக் கடந்து கார்சன் பள்ளத்தாக்குக்குத் தபால் மூட்டையை முதுகில் சுமந்து போனார். தூரம் 90 மைல். காலில் பத்தடி நீளப் பனிச்சறுக்குப் பலகைகள், முதுகில் பல சமயம் 60 பவுண்டுக்கு மேல் சுமை. போர்வை எடுத்துக்கொண்டால் கனம் கூடும் என்று அதையும் விட்டுவிட்டார். போக மூன்று நாள், வர இரண்டு நாள். மலையேற்றம் போகும்போது கடினம் என்பதால் இந்தக் கணக்கு. ஏறத்தாழ இருபது குளிர்காலங்கள் இப்படி நடந்த பிறகு, தமக்குச் சேர வேண்டியதைக் கேட்டு வாஷிங்டன் வரை போனார். எதுவும் கிடைக்காமல் ஊர் திரும்பி, 1876-இல் இறந்தார்.