பத்தாவது அத்தியாயத்தை முதலில் படியுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உளவியல், அறிவியல், தத்துவம் என்று பொதுவாசகருக்காக எழுதப்படும் நூல்களை இரண்டு வருடமாக விடாமல் படிக்கிறேன். மாதம் நான்கு என்று கணக்கு. சமீபத்தில் உளவியலாளர் டேனியல் கானமனின் ‘திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ’வை முடித்தேன். அதில் வரும் ஒன்றை அலுவலகத்தில் செய்துபார்த்தேன். டீக்காசு போடும் டப்பாவுக்கு மேலே இரண்டு கண்கள் இருக்கும் படத்தை ஒட்டினேன். வாரம் 400 ரூபாய் சேர்ந்த இடத்தில் 650 ரூபாய் சேர்ந்தது! ஆனால் நண்பர் ஒருவர், ‘அந்தப் புத்தகமே பொய்யென்று ஆகிவிட்டது, தூக்கிப்போடு’ என்கிறார். அடுத்து எதைப் படிக்கலாம்? தமிழிலா, ஆங்கிலத்திலா? தத்துவத்துக்குள் எங்கிருந்து நுழைவது?

ம., திருப்பூர்

அன்புள்ள ம.,

இவ்வகை நூல்களை எப்படிப் படிப்பது என்பதைப் பற்றிச் சில காலமாகவே எழுத நினைத்திருந்தேன். உங்கள் கண்படம் அதற்கு வழிசெய்துவிட்டது. படித்ததை நாலு பேரிடம் சொல்பவர்கள் நிறைய உண்டு, செய்துபார்ப்பவர்கள் குறைவு. அந்தக் குணத்தை விட்டுவிடாதீர்கள்.

மாதம் நான்கு என்ற கணக்கை மட்டும் விடுங்கள். வட்டிக்கு விட்டவரா நீங்கள், மாதாமாதம் வசூல் பார்க்க? 38 அத்தியாயம் உள்ள நூலை ஒரு வாரத்தில் முடித்தால் கையில் மிஞ்சுவது விருந்தில் சொல்லத்தக்க துணுக்குகள்தான். எந்த மொழியில் படித்தாலும் சரி, பின்குறிப்புகள் முழுதாக இருக்கும் பதிப்பை வாங்குங்கள். தத்துவம் எங்கும் ஓடிவிடாது, பிறகு பார்க்கலாம்.

உங்கள் நண்பர் அந்த நூலைப் படித்திருக்க மாட்டார். படித்திருந்தால் எந்த அத்தியாயம் பொய்த்தது என்று சொல்லியிருப்பார். சிக்கல் முக்கியமாக நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது. கண்ணில் பட்ட ஒரு சொல்லோ படமோ நமக்கே தெரியாமல் நம் நடத்தையைத் திருப்பிவிடும் என்பது அதில் வரும் கருத்து. அதற்குப் பெயர் ‘பிரைமிங்’. உங்கள் கண்படம் வருவதும் அதில்தான்.

அதிலுள்ள புகழ்பெற்ற சோதனையை எடுத்துக்கொள்வோம். உளவியலாளர் ஜான் பார்க்கும் சகாக்களும் 1996இல் வெளியிட்டது. கலைத்துப்போட்ட சொற்களிலிருந்து வாக்கியம் அமைக்கும்படி நியூயார்க் மாணவர்களிடம் கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்குரிய சொற்களில் சுருக்கம், நரை, ஃபுளோரிடா என்று முதுமையை நினைவூட்டுபவை கலந்திருந்தன. முடித்துவிட்டு வெளியேறும்போது, 9.75 மீட்டர் நடைவழியைக் கடக்க அவர்களுக்கு 8.28 விநாடி ஆனது, மற்றவர்களுக்கு 7.30. சொல் காலைத் தளர்த்திவிட்டது! படிக்கும்போது நமக்கே முதுகு கூனுகிறது.

இங்கே நிறுத்திக் கேட்கவேண்டும்: எத்தனை பேர்? முப்பது. பிரிவுக்குச் சுமார் 15 பேர். அளந்தது எப்படி? ஒருவர் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு. வித்தியாசம் எவ்வளவு? ஒரு விநாடி. 2012இல் பெல்ஜியத்தில் ஸ்தெபான் துவாயெனின் குழு இதையே 120 பேரிடம் செய்தது. நேரத்தை அகச்சிவப்புக் கதிர் அளந்தது. வித்தியாசம் தெரியவில்லை. அடுத்து 50 பேரிடம் செய்தார்கள். சோதனை நடத்துபவர்களில் பாதிப்பேரிடம் ‘மெதுவாக நடப்பார்கள்’ என்றும், மீதிப்பேரிடம் ‘வேகமாக நடப்பார்கள்’ என்றும் முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். மெதுவாக நடப்பார்கள் என்று நம்பியவர்கள் நடத்தியபோது மட்டும் நடை மெதுவானது. சோதனை நடத்துபவரின் எதிர்பார்ப்பும் அந்த அறைக்குள் இருந்திருக்கிறது.

சிறிய எண்ணிக்கையில் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். ஒரு காசைப் பத்துமுறை சுண்டுங்கள். ஏழு அல்லது அதற்கு மேல் தலை விழுவது ஏறத்தாழ ஆறு தடவைக்கு ஒருமுறை தானாகவே நடக்கும். அதே காசை 100 முறை சுண்டி 70 தலைக்குக் குறையாமல் விழ வேண்டுமென்றால் வாய்ப்பு ஏறத்தாழ 25,000இல் ஒன்று. சின்னக் குழுவில் பெரிய வித்தியாசங்கள் சும்மாவே முளைக்கும். முளைத்தது கட்டுரையாகிறது, முளைக்காதது மேசை இழுப்பறைக்குள் போகிறது. நூலாசிரியர் கட்டுரையானவற்றை மட்டும் திரட்டி அடுக்குகிறார். நாம் வாயைப் பிளக்கிறோம்.

இதை அழகாக விளக்குவது யார் தெரியுமா? அதே கானமன், அதே நூலின் பத்தாவது அத்தியாயத்தில். அமெரிக்காவில் சிறுநீரகப் புற்றுநோய் மிகக் குறைவாக உள்ள மாவட்டங்கள் பெரும்பாலும் மக்கள்தொகை குறைந்த கிராமப்புறங்கள். நல்ல காற்று, நல்ல சாப்பாடு என்று மனம் உடனே காரணம் கட்டுகிறது. மிக அதிகமாக உள்ள மாவட்டங்களும் அப்படிப்பட்ட கிராமப்புறங்கள்தாம். ஆள் குறைந்தால் விகிதம் இரண்டு பக்கமும் தாவும், அவ்வளவே. சக ஆய்வாளர் அமோஸ் டிவெர்ஸ்கியும் அவரும் 1971இல் வெளியிட்ட கட்டுரை முழுக்க இதைப் பற்றியது. சிறிய எண்ணிக்கையை நம்பும் பலவீனம், புள்ளியியல் கற்ற ஆய்வாளர்களிடமே இருக்கிறது என்று காட்டியவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர், நான்காம் அத்தியாயத்தில் இந்த முடிவுகளை நம்பாமலிருக்க உங்களுக்கு வழியே இல்லை என்கிறார்!

2012இல் பிரைமிங் ஆய்வாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், உங்கள் துறை கவிழப்போகிறது, ஒருவர் சோதனையை மற்றவர் செய்துபாருங்கள் என்று எச்சரித்தார். 2017இல், போதிய அளவில்லாத ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டேன் என்று எழுதினார். பெரிய மனிதர். அதற்காக நான்காம் அத்தியாயம் பிழைத்துக்கொள்ளாது.

மற்ற அத்தியாயங்கள் அப்படியல்ல. 2014இல் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் 13 விளைவுகளைச் சோதித்தன. பணப்படத்தைக் காட்டி மனதைத் திருப்பும் பிரைமிங் தேறவில்லை. முதலில் காதில் விழுந்த எண்ணைச் சுற்றியே நம் மதிப்பீடு நிற்கும் ஆங்கரிங், வலுவாகத் தேறியது. அது பதினோராம் அத்தியாயம். ஆகவே நண்பரிடம் சொல்லுங்கள், ஒரு நூல் மொத்தமாக மெய்யாவதோ மொத்தமாகப் பொய்யாவதோ இல்லை.

இனி உங்கள் டப்பா. நூலில் வரும் கண்பட ஆய்வு, நியூகாசில் பல்கலைக்கழகத்தில் நடந்து 2006இல் வெளியானது. பத்தே வாரம் நடந்தது. ஒரு வாரம் கண், அடுத்த வாரம் பூ. ஒரு லிட்டர் பாலுக்கு எவ்வளவு காசு விழுந்தது என்று கணக்கிட்டார்கள். கண் வாரங்களில் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆனால் ஒப்பிட்டது ஐந்து வாரத்தை ஐந்து வாரத்தோடு. இப்படிப்பட்ட சோதனைகள் பலவற்றைத் தொகுத்து 2017இல் வந்த கட்டுரை, செயற்கைக் கண்கள் தாராளத்தைக் கூட்டுவதில்லை என்றது.

அவர்கள் பாலையாவது அளந்தார்கள், நீங்கள் அதையும் செய்யவில்லை! அந்த வாரம் ஆட்கள் அதிகம் வந்திருக்கலாம், சம்பளம் போட்டிருக்கலாம், படம் ஒட்டிய நீங்களே டப்பா பக்கம் நின்றிருக்கலாம். மறுபடி செய்யுங்கள். திங்கள்தோறும் காசு சுண்டிக் கண்ணா பூவா என்று முடிவு செய்யுங்கள். இருபது வாரமாவது போகட்டும். காலி பால் பாக்கெட்டுகளை எண்ணி, பாக்கெட்டுக்கு எத்தனை ரூபாய் என்று குறியுங்கள். டப்பாவைத் திறந்து எண்ணுபவருக்கு அந்த வாரப் படம் தெரியக்கூடாது. எவ்வளவு வித்தியாசம் வந்தால் ஒப்புக்கொள்வேன் என்பதை முதல் வாரத்துக்கு முன்பே தாளில் எழுதிவிடுங்கள். பிறகு எழுதினால் அது வந்த எண்ணுக்கேற்ப வளைந்துவிடும்.

நூல்களுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். ‘ஆய்வுகள் சொல்கின்றன’ என்று வரும் இடத்தில் பின்குறிப்புக்குப் போய்க் கட்டுரையின் தலைப்பை எடுங்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரில் இட்டு, அதை மேற்கோள் காட்டிய பிற்காலக் கட்டுரைகளின் பட்டியலைத் திறந்து, அதற்குள் மட்டும் ‘ரெப்ளிகேஷன்’ (replication) என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடுங்கள். அதே சோதனையை மறுபடி செய்துபார்ப்பது என்று பொருள். பழக்கமாகிவிட்டால் ஒரு குறிப்புக்குப் பத்து நிமிடம் போதும். துவாயெனின் கட்டுரை பிளாஸ் ஒன் இதழில் இலவசமாகக் கிடைக்கிறது. அதிலிருந்து தொடங்குங்கள். முன்னுரையைத் தாண்டி நேராகச் செய்முறைப் பகுதிக்குப் போங்கள், எத்தனை பேர், யார் அளந்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.